சென்னை நகரக் காட்சி ஓவியங்களும் அச்சுப் பிரதிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஓவியக்கூடம் மயிலாப்பூரில், கோயில் குளத்திலிருந்து நடந்து வரக்கூடிய தொலைவில், ஒரு பழைய வீட்டின் மாடியில் இயங்குகிறது. சென்னையின் தெருக்களையும் சந்தைகளையும் ரயில் நிலையங்களையும் கடற்கரையையும் வண்ணத்தில் வரைந்து, மூல ஓவியங்களாகவும் அச்சுப் பிரதிகளாகவும் விற்கிறோம். வரைவது நான், அச்சு, சட்டம், அனுப்புதல் ஆகியவற்றை என் தங்கை கவனித்துக்கொள்கிறார். வாங்க வருபவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு, கூடத்தில் உட்கார்ந்து பேசுவதைப் போலவே இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

சென்னையின் எந்தெந்த இடங்கள் உங்கள் ஓவியங்களில் இருக்கின்றன?

அதிகம் வரைந்தவை மயிலாப்பூரும் ஜார்ஜ் டவுனும்தான். மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயில் குளக்கரை, மாட வீதிகள், பங்குனியில் அறுபத்து மூவர் விழாவன்று தெருவே தெரியாதபடி நிறையும் கூட்டம் ஆகியவற்றைப் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வரைந்து வருகிறேன். ஜார்ஜ் டவுனில் தங்கசாலைத் தெரு, பந்தர் தெரு, காகிதக் கடைகளும் அழைப்பிதழ்க் கடைகளும் நெருங்கி நிற்கும் ஆண்டர்சன் தெரு, பூக்கடைப் பகுதி ஆகியவை இருக்கின்றன. வடக்கே ராயபுரமும் காசிமேடு மீன்பிடித் துறைமுகமும் தனி வரிசை.

செங்கல் சிவப்புக் கட்டடங்களை ஒரு தொகுப்பாகவே வைத்திருக்கிறோம். 1873இல் திறக்கப்பட்ட சென்ட்ரல் நிலையம், 1892இல் கட்டி முடிக்கப்பட்ட உயர் நீதிமன்றம், 1908இல் திறக்கப்பட்ட எழும்பூர் நிலையம் ஆகிய மூன்றும் அதில் அடங்கும். மூன்றையும் பொதுவாகச் சிவப்பு என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அருகருகே வைத்துப் பார்த்தால் மூன்றும் மூன்று சிவப்புகள். சென்ட்ரலை அடுத்து நிற்கும் ரிப்பன் மாளிகையோ முழு வெள்ளை. வரைவதற்கு இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது அந்த வெள்ளைதான், ஏனென்றால் அது தன் நிறம் என்று எதையும் வைத்துக்கொள்வதில்லை: காலையில் இளமஞ்சளாகவும், மழை வரும் முன் சாம்பல் நீலமாகவும், மாலையில் மெல்லிய ஊதாவாகவும் மாறிக்கொண்டே இருக்கிறது.

பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களை ஏன் வரைவதில்லை என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இரண்டு ஓவியங்கள் இருக்கின்றன. அங்கே இன்னும் அதிக நாள் நின்று பார்த்த பிறகே தொடர வேண்டும் என்று நினைக்கிறேன்.

நிறங்கள் ஏன் இவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன? நகரம் உண்மையில் இப்படித்தான் இருக்கிறதா?

இருக்கிறது என்பதே என் விடை. கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்குக் குடமுழுக்குக்குக் குடமுழுக்கு புதிதாக வண்ணம் பூசுகிறார்கள். மீன்பிடிப் படகுகளின் நீலமும் பச்சையும், ஆட்டோக்களின் மஞ்சளும், பூக்கூடையில் சாமந்திக்குப் பக்கத்தில் வைத்த அரளியும், ரப்பர் வளையல்கள் தொங்கும் நடைபாதைக் கடையும் யாரும் கற்பனை செய்தவை அல்ல. நாள்தோறும் பார்ப்பதால் கண் அவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு சட்டத்துக்குள் வைத்துக் காட்டும்போது திடீரென்று அதிகமாகத் தோன்றுகின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நண்பகல் வெயில் நிறங்களை வெளுக்கச் செய்கிறது. நிழல்தான் நிறத்தைக் காப்பாற்றுகிறது. சுண்ணாம்பு பூசிய சுவரின் மீது விழும் நிழலைக் கூர்ந்து பார்த்தால் அது கறுப்பு அல்ல, வானத்தின் நீலம் கலந்த ஊதா என்பது தெரியும். ஆகவே என் ஓவியங்களில் கறுப்பு வண்ணத்தை அநேகமாகப் பயன்படுத்துவதில்லை. நிறம் மிகையாக இருப்பதாகச் சிலர் உணர்வதற்குக் காரணம் இந்த நிழல்கள்தான் என்று நினைக்கிறேன்.

என் தந்தையார் திரைப்படப் பேனர்கள் வரைந்தவர். ஸ்டில் படத்தின் மீது கட்டம் போட்டு, அதே கட்டங்களைப் பெரிய துணியில் இழுத்து, முகத்தின் ஒரு பக்கத்தில் இளஞ்சிவப்பும் மறுபக்கத்தில் பச்சையும் நீலமும் வைப்பார். கிட்டத்தில் நின்று பார்த்தால் திட்டுத் திட்டாகத் தெரியும். அண்ணா சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து பார்த்தால் உயிருள்ள முகம். நிறத்தை அஞ்சாமல் வைக்க வேண்டும், ஆனால் அது எந்தத் தொலைவிலிருந்து பார்க்கப்படும் என்பதைக் கணக்கிட்டு வைக்க வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றேன். ஃபிளெக்ஸ் அச்சு வந்து அந்தத் தொழிலை அழித்துவிட்டது. அந்தக் கைகள் கற்றிருந்த நிற அறிவு வீணாகிவிடக் கூடாது என்ற எண்ணம் ஒவ்வொரு ஓவியத்தின் பின்னும் இருக்கிறது.

நேரில் அமர்ந்து வரைகிறீர்களா, புகைப்படத்தைப் பார்த்து வரைகிறீர்களா?

முதல் வரைவு எப்போதும் நேரில்தான். சிறிய நீர்வண்ணப் புத்தகத்தில் இருபது முதல் நாற்பது நிமிடத்துக்குள் இடத்தின் அமைப்பையும் முக்கிய நிறங்களையும் எடுத்துக்கொள்வேன். வெயில் நகர்ந்துவிடும் என்பதால் அதற்கு மேல் உட்கார்ந்து பயனில்லை. புகைப்படம் எடுப்பது உண்டு, ஆனால் அது சன்னல்களின் எண்ணிக்கை, பெயர்ப்பலகை எழுத்து போன்ற விவரங்களுக்கு மட்டுமே. நிழலின் நிறத்தைப் புகைப்படம் கறுப்பாக்கிவிடுகிறது.

எந்த இடத்தை எந்த நேரத்தில் வரைவது என்பது திசையைப் பொறுத்தது. கோயிலின் மேற்கே குளம் இருப்பதால், குளத்தின் மேற்குக் கரையில் காலையில் நின்றால் கோபுரம் வெயிலுக்கு எதிரே கருநிழலாகத் தெரியும். மாலை நான்கரை மணிக்கு மேல் அதே இடத்தில் நின்றால் ஒளி நேராகக் கோபுரத்தின் மீது விழுந்து ஒவ்வொரு சிற்பத்தையும் எடுத்துக் காட்டும். கடற்கரை அதற்கு நேர்மாறு. காசிமேட்டுக்கு விடியும் முன்பே போய்விட வேண்டும். அங்கே வேலை செய்பவர்களின் வழியை மறிக்காமல் ஓரிடம் பார்த்து உட்காருவதுதான் முதல் பாடம்.

இப்போது இல்லாத இடங்களின் ஓவியங்கள் கிடைக்குமா?

சில கிடைக்கும். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது. அங்கே பழைய புத்தகம் வாங்கியவர்கள் இன்றும் அந்தச் செங்கல் வளைவுகளைக் கேட்டு வருகிறார்கள். 1895 முதல் 1953 வரை ஓடிய டிராம் வண்டிகளையும், காய்கறி வணிகம் 1996இல் கோயம்பேட்டுக்கு மாறும் வரை இருந்த கொத்தவால்சாவடியின் நெரிசலையும், கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்ட காலத்து உயர் நீதிமன்றக் கோபுரத்தையும் வரைந்திருக்கிறேன்.

இவை பழைய புகைப்படங்களையும் அங்கே வாழ்ந்தவர்களின் நினைவையும் வைத்து வரைந்தவை. புகைப்படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை என்பதால் நிறம் என் ஊகம். அதை ஒவ்வொரு பிரதியின் பின்புறத்திலும் எழுதியே கொடுக்கிறோம். நேரில் பார்த்து வரைந்ததையும் ஊகித்து வரைந்ததையும் வாங்குபவர் பிரித்தறிய வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அச்சுப் பிரதி என்றால் என்ன? கடையில் கிடைக்கும் சுவரொட்டிக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

எங்களிடம் இரண்டு வகைப் பிரதிகள் இருக்கின்றன. இரண்டும் வேறு வேறு வழிகளில் உருவாகின்றன.

முதல் வகை நிறமி மை அச்சு. மூல ஓவியத்தை உயர்ந்த துல்லியத்தில் படமெடுத்து, முழுவதும் பருத்தியால் ஆன, அமிலமில்லாத, சதுர மீட்டருக்கு 300 கிராமுக்கு மேற்பட்ட எடையுள்ள காகிதத்தில், எட்டுக்கும் மேற்பட்ட நிறமி மைகள் கொண்ட இன்க்ஜெட் இயந்திரத்தில் அச்சிடுவது. கலைக்கூடங்களில் இதை ஜிக்லே என்ற பிரெஞ்சுச் சொல்லால் குறிப்பிடுகிறார்கள். பெயர் எதுவானாலும் அது இயந்திரம் அச்சிட்ட மறுபதிப்புதான். கையால் வரைந்தது போன்ற மயக்கத்தை அந்தச் சொல்லைக் கொண்டு உண்டாக்குவது முறையல்ல என்பதால் நாங்கள் அச்சுப் பிரதி என்றே எழுதுகிறோம்.

இரண்டாம் வகை ஸ்கிரீன் பிரிண்ட். கல்யாணப் பத்திரிகை அச்சில் நம் ஊருக்கு நன்றாகத் தெரிந்த முறை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனித் திரை தயாரித்து, மையைத் திரையின் மீது இழுத்து, ஒன்று காய்ந்த பிறகு அடுத்ததை ஏற்ற வேண்டும். ஏழு நிறம் என்றால் ஒரு தாள் ஏழு முறை திரைக்கு அடியில் போய் வரும். அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் விளிம்பில் வெள்ளை தெரியும். இது ஓவியத்தின் நகல் அல்ல. அச்சுக்கென்றே நிறங்களைப் பிரித்து யோசித்து உருவாக்கிய தனிப் படைப்பு. இரண்டில் எது என்று கேட்டால் என் விருப்பம் ஸ்கிரீன் பிரிண்ட்டின் பக்கம்தான். மை தாளின் மேல் படலமாக நிற்பதால் அந்த மஞ்சளும் சிவப்பும் வேறெந்த முறையிலும் வருவதில்லை.

மலிவான சுவரொட்டி மரக்கூழ்க் காகிதத்தில் நான்கு நிற ஆஃப்செட் முறையில் ஆயிரக்கணக்கில் அடிக்கப்படுவது. அதை நான் இழிவாகப் பேசமாட்டேன். ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியதும், கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த படங்கள் சிவகாசிக் காலண்டர்களாக வீடு வீடாகப் போனதும் இல்லையென்றால், ஓவியம் என்பது நம் வீடுகளில் பலவற்றுக்கு எட்டாத பொருளாகவே இருந்திருக்கும். நகரக் காட்சிகளுக்கும் அச்சின் துணை பழையது. தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தாரின் மகன் வில்லியமும் 1790களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து வரைந்து சென்ற காட்சிகள், 1795 முதல் 1808 வரை இலண்டனில் வெளிவந்த 144 வண்ண அச்சுப் படங்களின் வரிசையில் இடம்பெற்றன. ஜார்ஜ் கோட்டை அப்போது எப்படி இருந்தது என்பதை இன்று நாம் பார்க்க முடிவது அந்த அச்சுகளால்தான்.

பிரதியின் அடியில் பென்சிலால் எழுதியிருக்கும் 12/50 எதைக் குறிக்கிறது?

அந்தப் படம் மொத்தம் 50 பிரதிகள் மட்டுமே அச்சிடப்படும், உங்கள் கையில் இருப்பது அவற்றில் 12ஆவது என்பதைக் குறிக்கிறது. இவற்றைத் தவிர ஓவியர் தமக்கென வைத்துக்கொள்ளும் சில பிரதிகள் உண்டு; எங்களிடம் ஒரு படத்துக்கு ஐந்து. அவற்றில் எண்ணுக்குப் பதிலாக ‘ஓவியர் பிரதி’ என்று எழுதியிருக்கும். ஐம்பதும் விற்ற பிறகு அந்தப் படத்தை அதே அளவிலோ வேறு அளவிலோ மீண்டும் அச்சிடுவதில்லை. அளவை மாற்றிவிட்டுப் புதிய வரிசை என்று தொடங்குவது முதலில் நம்பி வாங்கியவரை ஏமாற்றுவதாகும். ஸ்கிரீன் பிரிண்ட் முடிந்ததும் திரைகளைக் கழுவி அழித்துவிடுகிறோம். எண் சிறியதாக இருந்தால் மதிப்பு அதிகமா என்று கேட்பவர்களுக்கு: முதல் பிரதிக்கும் ஐம்பதாவது பிரதிக்கும் தரத்தில் வேறுபாடு இல்லை.

அஞ்சலட்டை அளவுப் படங்களும் நாட்காட்டியும் எண்ணிக்கை வரம்பு இல்லாதவை. அவற்றில் கையொப்பம் இருக்காது.

நிறம் எத்தனை நாள் நிலைக்கும்? மங்கிவிடாதா?

எல்லா நிறமும் ஒரே அளவில் நிலைப்பதில்லை. வான் கோ 1888இல் வரைந்த தம் படுக்கையறை ஓவியத்தின் சுவர்கள் இன்று நீலமாகத் தெரிகின்றன. அவர் தம் கடிதத்தில் அவற்றை இளம் ஊதா என்று எழுதியிருக்கிறார். அவர் பயன்படுத்திய சிவப்பு, ஒளியில் கரைந்துபோய் நீலம் மட்டும் மிஞ்சிவிட்டது. வெயில் மிகுந்த நம் ஊரில் வண்ணம் வாங்கும்போது இதை மறக்கவே கூடாது.

வண்ணக் குழாயின் மீது அழகான பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் நிறமிக் குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். நான் பார்ப்பது அதைத்தான். அலிசரின் கிரிம்சன் எனப்படும் பி.ஆர். 83 நிறமி பார்க்க மிக அழகானது, ஆனால் ஒளியில் மங்கக்கூடியது. ஆகவே அரளிப் பூவுக்கும் குங்குமத்துக்கும் அதை விட்டுவிட்டுக் குவினாக்ரிடோன் வகைச் சிவப்புகளைப் பயன்படுத்துகிறேன். நீலத்துக்கு அல்ட்ராமரினும் தாலோ நீலமும் நம்பிக்கையானவை. ஒளிரும் இளஞ்சிவப்பு, ஒளிரும் பச்சை ஆகியவை கண்ணைப் பறிக்கும், ஆனால் வேகமாக மங்கிவிடும் என்பதால் கூடத்துக்குள் அனுமதிப்பதே இல்லை.

தொடக்க காலத்தில் ஓர் அச்சகம் நிறமி மை என்று சொல்லிச் சாய மையில் அடித்துக் கொடுத்த பிரதிகளை நாங்களும் சோதிக்காமல் விற்றுவிட்டோம். ஒன்றரை ஆண்டில் அவற்றின் மஞ்சள் வெளுத்தது. வாங்கியவர்கள் அனைவருக்கும் புதிய பிரதி கொடுத்தோம். அன்றிலிருந்து, ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு தாளின் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடித் தெற்குச் சன்னலில் ஆறு மாதம் ஒட்டி வைத்து, மூடிய பாதியையும் மூடாத பாதியையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அந்தத் தாள்கள் கூடத்தின் சன்னலில் இப்போதும் இருக்கின்றன, வரும்போது பார்க்கலாம்.

இவ்வளவு செய்தாலும் நேரடி வெயில் படும் சுவரில் எந்த ஓவியமும் நீண்ட காலம் தாங்காது. நிலைப்பதில் பாதி எங்கள் பொறுப்பு, பாதி மாட்டும் இடத்தின் பொறுப்பு.

அலைபேசியில் பார்த்த நிறமும் கையில் வரும் பிரதியின் நிறமும் ஒன்றாக இருக்குமா?

மிக நெருக்கமாக இருக்கும், ஆனால் ஒன்றாக இருக்காது. திரை தானே ஒளி விடுகிறது. தாள் தன் மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருகிறது. அதனால் திரையில் தெரியும் சில நீலங்களும் பச்சைகளும் மையில் சற்று அடங்கித் தெரியும். இரவு நேரத்தில் திரையை மஞ்சளாக்கும் அமைப்பை அணைத்துவிட்டுப் பகலில் பாருங்கள். இன்னும் ஐயம் இருந்தால் படத்தின் ஒரு பகுதியை உள்ளங்கை அளவுக்கு அச்சிட்டு அஞ்சலில் அனுப்புகிறோம். அதற்குக் கட்டணம் இல்லை.

எங்கள் வீட்டுக்கு எந்த அளவு பொருந்தும்?

ஏ4, ஏ3, ஏ2 ஆகிய மூன்று அளவுகளில் பிரதிகள் கிடைக்கும். ஒரு படம் எந்த அளவில் வெளிவந்ததோ அந்த ஓர் அளவில்தான் கிடைக்கும். பொதுவாக மக்கள் தேவைக்குச் சிறியதாகவே வாங்குகிறார்கள். சோபாவுக்கு மேலே மாட்டுவதாக இருந்தால் அதன் நீளத்தில் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். வாங்கும் முன் செய்தித்தாளை அந்த அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் பாருங்கள். படத்தின் நடுப்பகுதி கண்மட்டத்தில் வர வேண்டும். நம் வீடுகளில் சாமி படங்களை உயரத்தில் மாட்டிய பழக்கத்தால் ஓவியங்களையும் கூரைக்கு அருகில் மாட்டிவிடுகிறோம்.

சட்டம் போட்டுத் தருவீர்களா? வெளியே போட்டுக்கொள்ளலாமா?

இரண்டும் செய்யலாம். வெளியே போடுவதாக இருந்தால் மூன்று செய்திகளைக் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. நடுவே மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விட வேண்டும், இல்லையெனில் ஈரக் காற்றில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். மவுண்ட் அட்டை அமிலமில்லாததாக இருக்க வேண்டும். சாதாரண அட்டை சில ஆண்டுகளில் படத்தின் ஓரத்தைப் பழுப்பாக்கிவிடும். பின்பக்கம் ஒட்டுப்பலகை வைப்பார்கள் என்றால் அதற்கும் படத்துக்கும் நடுவே அமிலமில்லாத தாள் ஒன்று இருக்கட்டும். படத்தைப் பசை போட்டு அட்டையில் ஒட்டிவிட வேண்டாம் என்பதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஒட்டிய படத்தை ஒருபோதும் பழையபடி எடுக்க முடியாது. மேல் விளிம்பில் இரண்டு காகித நாடாக்கள் போதும்.

கேன்வாஸ் ஓவியங்களுக்குக் கண்ணாடி தேவையில்லை.

மழைக்காலத்தில் ஓவியங்களை எப்படிப் பாதுகாப்பது?

சென்னையில் ஓவியத்துக்கு வெயிலைவிடப் பெரிய பகை ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்யும்போது வெளிச்சுவரின் உட்புறத்தில் ஈரம் ஊறி, அதையொட்டித் தொங்கும் சட்டத்தின் பின்புறம் பூஞ்சை பிடிக்கிறது. ஆகவே இயன்றவரை உள்சுவரில் மாட்டுங்கள். வெளிச்சுவர்தான் வழி என்றால் சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்பக்கம் பாட்டில் கார்க்கை வட்டமாக நறுக்கி ஒட்டிவிட்டால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று போய் வரும். நாங்கள் போடும் சட்டங்கள் எல்லாவற்றிலும் இது இருக்கும்.

மாதம் ஒரு முறை சட்டத்தைத் திருப்பிப் பின்புறம் பாருங்கள். ராமபாணப் பூச்சி காகிதத்தின் மேற்பரப்பைச் சுரண்டித் தின்னும். கரையான் சுவர் வழியாகச் சட்டத்துக்கு வரும். இரண்டையும் தொடக்கத்திலேயே கண்டுவிட்டால் படத்தைக் காப்பாற்றிவிடலாம். பூஞ்சை தென்பட்டால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், அது பரவும். படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து, காற்றோட்டமுள்ள நிழலில் முழுவதும் உலரவிட்டு, பிறகு மென்மையான தூரிகையால் வீட்டுக்கு வெளியே வைத்துத் தட்டிவிட வேண்டும். அதன் பிறகும் கறை இருந்தால் எங்களிடம் கொண்டுவாருங்கள்.

பூசை அறைக்கு அருகில் மாட்டும் வழக்கம் உண்டு. சாம்பிராணிப் புகையும் கற்பூரக் கரியும் கேன்வாஸின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து நிறத்தை மந்தமாக்கிவிடும். சமையலறைத் தாளிப்புப் புகையும் அப்படியே. அந்த இடங்களுக்குக் கண்ணாடி போட்ட அச்சுப் பிரதியே நல்லது.

மூல ஓவியத்துக்கும் பிரதிக்கும் விலையில் இவ்வளவு இடைவெளி ஏன்?

மூல ஓவியம் ஒன்றே ஒன்று. ஒரு பெரிய கேன்வாஸுக்கு ஐந்து வாரமும் ஆகலாம், எட்டு வாரமும் ஆகலாம். பிரதியின் விலையில் தாள், மை, அச்சுக்கூலி ஆகியவையே பெரும் பங்கு. எங்கள் ஏ4 நிறமி அச்சு 1,800 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. ஸ்கிரீன் பிரிண்ட்டின் விலை நிறங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து ஏறும். மூல ஓவியங்களுக்கு நீள அகலத்தைக் கூட்டி விலை கணக்கிடுகிறோம். பார்த்தவுடன் வாங்குபவரின் உடையைக் கொண்டு விலை சொல்லும் வழக்கம் இங்கே இல்லை. விலைப்பட்டியல் சுவரில் தொங்குகிறது. மூல ஓவியத்துக்கு ஆறு தவணை வரை பிரித்துக் கொடுக்கலாம், வட்டி இல்லை.

முதலீடாக வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம் என்றே சொல்கிறேன். நாள்தோறும் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் மட்டும் வாங்குங்கள்.

எங்கள் வீட்டையோ தெருவையோ வரைந்து தருவீர்களா?

தருகிறேன், இந்த வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இடித்துவிட்டு அடுக்ககம் கட்டப் போகும் வீட்டை, இடிக்கும் முன் வரைந்து தரச் சொல்லி வருபவர்களே அதிகம். அப்படிப்பட்ட வீட்டுக்கு இரண்டு முறை வருவேன், ஒரு முறை காலையில், ஒரு முறை மாலையில். திண்ணையில் யார் உட்காருவார், கோலம் யார் போடுவார், முருங்கை மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதையெல்லாம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்வேன். நகரத்துக்கு வெளியே என்றால் போக்குவரத்துச் செலவு தனி.

மூன்று சிறிய மாதிரி வரைவுகள் காட்டிய பிறகு, நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் பாதித் தொகை பெற்றுக்கொண்டு தொடங்குவோம். மாற்றங்களை மாதிரி நிலையிலேயே சொல்லிவிடுங்கள். மறைந்தவர்களைத் திண்ணையில் உட்கார வைத்து வரையச் சொல்கிறார்கள். தயங்காமல் கேளுங்கள், நல்ல புகைப்படம் இருந்தால் செய்கிறேன். எதிர் வீட்டின் குப்பைத்தொட்டியை விட்டுவிடலாம். ஆனால் பக்கத்து வீடே இல்லாதது போல் வரைய மாட்டேன்.

ஓவியத்தை வாங்கினால் அதை அச்சிடும் உரிமையும் எனக்கு வருமா?

வராது. ஓவியம் என்ற பொருள் உங்களுடையது. பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி அது ஓவியரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். வீட்டில் மாட்டவும், பரிசளிக்கவும், விற்கவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதைப் படமெடுத்து நிறுவனத்தின் நாட்காட்டியாகவோ புத்தக அட்டையாகவோ வெளியிட வேண்டுமானால் தனியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

நீங்கள் சொல்லி வரைவிக்கும் ஓவியத்தின் நிலை வேறு, இதைப் பலர் அறிவதில்லை. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்து வரையச் சொன்னவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறோம்: உங்கள் குடும்பப் பயன்பாட்டுக்கு எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உங்கள் இசைவு இல்லாமல் நாங்கள் உங்கள் வீட்டின் படத்தை விற்க மாட்டோம்.

பதிப்புரிமை யாரிடம் இருந்தாலும், தம் படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமை 57ஆம் பிரிவின்படி படைத்தவரிடமே தங்கும். டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979இல் அகற்றப்பட்டுச் சேதமடைந்த வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றம் 2005இல் அவர் பக்கம் தீர்ப்பளித்து, எஞ்சியதை அவரிடம் திருப்பித் தரச் சொன்னது. ஓவியம் பிடிக்காமல் போய்விட்டால் வெட்டிச் சிறிதாக்காதீர்கள். எங்களிடம் சொல்லுங்கள், வேறு கை தேடித் தருகிறோம்.

பொதுக் கட்டடங்களை வரைந்து விற்க அனுமதி பெற வேண்டாமா?

கட்டடக் கலைப் படைப்பை ஓவியமாகவோ வரைபடமாகவோ ஆக்கி வெளியிடுவது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று அந்தச் சட்டத்தின் 52ஆம் பிரிவே சொல்கிறது. பொது இடத்தில் நிலையாக நிற்கும் சிலைகளுக்கும் இது பொருந்தும். மெரினாவில் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலையை நான் வரைந்து விற்பது அந்த அடிப்படையில்தான். ஆனால் இன்னொருவர் அதே சிலையை எடுத்த புகைப்படத்தைப் பார்த்து அப்படியே வரைந்தால் அது வேறு விவகாரம். வரைய வருகிற மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்.

வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் எப்படி அனுப்புகிறீர்கள்?

பிரதிகள் பட்டர் பேப்பரில் சுற்றப்பட்டுக் கெட்டியான உருளையில் போகும். வந்தவுடன் எடுத்துச் சமதளத்தில் வைத்து, சுத்தமான தாளால் மூடி, கனமான புத்தகங்களைப் பரப்பி ஒரு நாள் விடுங்கள்; எதிர்ப்பக்கமாகச் சுருட்டி நிமிர்த்த வேண்டாம். பெரிய கேன்வாஸ்களைச் சட்டத்திலிருந்து கழற்றி, வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி அகலமான உருளையில் சுற்றுகிறோம். பார்ப்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். வண்ணம் உட்பக்கம் இருந்தால் நெருக்குண்டு மடிப்பு விழும் என்பதே காரணம்.

அக்னி நட்சத்திர நாட்களில் அக்ரிலிக் கேன்வாஸ்களை அனுப்புவதில்லை. ஒரு மே மாதத்தில் குமிழித்தாளை நேரடியாக வண்ணத்தின் மேல் சுற்றி அனுப்பினேன். சூட்டில் இளகிய வண்ணத்தில் குமிழிகளின் வட்டங்கள் வரிசையாகப் பதிந்துவிட்டன. அந்தப் பிழை என்னுடையது, அதை மீண்டும் வரைந்து கொடுத்தேன்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதில், நூறாண்டுக்கு மேற்பட்ட ஓவியங்களுக்கு உள்ள 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத் தடை எங்கள் ஓவியங்களுக்குப் பொருந்தாது. ஓவியரின் கையொப்பமும் வரைந்த ஆண்டும் உள்ள சான்றிதழை உடன் வைக்கிறோம். அந்தந்த நாட்டுச் சுங்க வரி வாங்குபவரைச் சேரும்.

வழியில் சேதமானால், அல்லது பிடிக்காவிட்டால்?

பிரித்தவுடன் படமெடுத்து மூன்று நாளுக்குள் அனுப்பினால் பிரதிக்குப் பிரதி மாற்றித் தருவோம், அதே எண்ணைப் புதிய தாளில் எழுதிப் பழையதை அழித்துவிடுவோம். மூல ஓவியத்துக்குக் காப்பீடு செய்தே அனுப்புகிறோம். பிடிக்கவில்லை என்றால் பதினைந்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம். சொல்லி வரைவித்தவற்றுக்கு இது இல்லை.

கூடத்துக்கு நேரில் வந்து பார்க்கலாமா?

வாருங்கள். திங்கட்கிழமை தவிர எல்லா நாளும் காலை பத்து மணி முதல் மாலை ஆறு மணி வரை திறந்திருக்கும். மாடிப்படி குறுகலானது; ஏற இயலாதவர்கள் முன்னரே சொன்னால் படங்களைக் கீழ்த் திண்ணைக்கே கொண்டுவந்து காட்டுகிறோம். பங்குனித் திருவிழா நாட்களில் தெருவில் வண்டி வராது என்பதால் நடந்துதான் வர வேண்டும். முடிந்தால் பதினோரு மணிக்குள் வாருங்கள். அந்த நேரத்தில் கிழக்குச் சன்னல் வழியே நல்ல பகல் வெளிச்சம் இருக்கும், விளக்கைப் போடாமலே ஓவியத்தைச் சன்னலருகில் நிறுத்திக் காட்ட முடியும்.